உரப்பையிலிருந்து குசினித் தட்டுக்கு: திருகோணமலை வீடொன்றில் வெற்றுப் போத்தல்களோடு பத்து மாதம்

பின்னணி

உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வீடு. அம்மம்மா, அவருடைய மகள், மருமகன், 15 வயதுப் பேரன், 9 வயதுப் பேத்தி என ஐந்து பேர். அம்மம்மா வெற்றுப் போத்தலை எறியாதவர். கழுவி, மூடி போட்டு, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே உரப்பைகளில் சேர்த்து வைத்திருந்தார். 2017 செப்ரெம்பர் 1ஆம் திகதி முதல் திறந்தவெளியில் பிளாஸ்டிக் எரிக்கத் தடை வந்தது. அதுவரை பின்வளவில் கொளுத்திய பால்மா பக்கற்றும் யோகட் கோப்பையும் அதன்பின் அதே இடத்தில் சேரத் தொடங்கின. போத்தல் வாங்க வரும் சைக்கிள் வியாபாரி சாராயப் போத்தலையும் பியர் போத்தலையும் மட்டும் எடுத்துக்கொள்வார். ஜாம் போத்தலைத் தொடமாட்டார்.

2023 மே மாதம், தெரிந்தவர்களுக்குத் தேசிக்காய் ஊறுகாயும் மாம்பழ ஜாமும் செய்து கொடுக்கலாம் என்று மகள் முடிவெடுத்தார். புதுப் போத்தல் வாங்கப் போனவரை அம்மம்மா நிறுத்தினார்: "போத்தலுக்கு ஏன் பிள்ளை காசு? கீழ நிறையக் கிடக்கு."

எண்ணிப் பிரித்தது

ஜூன் முதல் வாரம் உரப்பைகள் எல்லாம் அவிழ்க்கப்பட்டன. கண்ணாடி மொத்தம் 137. ஜாம், சட்னி வந்த அகன்ற வாய்ப் போத்தல் 58. சோஸ், கோடியல் வந்த ஒடுங்கிய கழுத்துப் போத்தல் 31. கோப்பிப் போத்தல் 14. மாமைட் என்ற ஈஸ்ட் சாறு வந்த குட்டைப் போத்தல் 9. மருந்து, எண்ணெய், பூச்சிநாசினி என்று கலந்து கிடந்தவை 25. கண்ணாடி அல்லாதவற்றில் யோகட் கோப்பைகளும் 400 கிராம் பால்மா பக்கற்றுகளுமே அதிகம். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்களும் ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டிகளும் அவற்றோடு கிடந்தன.

கண்ணாடியைச் சோதிக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. வெயிலுக்கு நேரே பிடித்துச் சுற்றினால், அடியிலும் தோள்பட்டையிலும் உள்ள மயிர்க்கீறல் வெள்ளிக் கோடாக மின்னும். விளிம்பைப் பார்க்கப் பஞ்சு போதும். வாயைச் சுற்றிப் பஞ்சை இழுத்துக்கொண்டு போகையில் நார் எங்கே சிக்குகிறதோ அங்கே செதில் பெயர்ந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்ப்பது கூடாது. இப்படி 19 கழிந்தன. பூச்சிநாசினியும் மருந்தும் இருந்த 12, கழுவாமலே கழிக்கப்பட்டன. கண்ணாடி நஞ்சை உறிஞ்சாது என்பது சரிதான். ஆனால் மூடியின் உள்வளையம் உறிஞ்சும். அதைவிட, அதே உருவப் போத்தல் நாளைக்கு வேறொருவர் கையில் எந்தப் போத்தல் எது என்று தெரியாமல் போய்விடும். இந்த 12ஐ ஒதுக்கியதே அன்றைய நாளின் மிகச் சரியான முடிவு. மிஞ்சியது 106.

லேபல் கழற்றுவதில் அதிக நேரம் போனது. தாள் லேபலுக்குச் சவர்க்காரம் கரைத்த சுடுநீரில் அரை மணி நேர ஊறல் போதுமாக இருந்தது. பிளாஸ்டிக் லேபல் தண்ணீருக்கு மசியாது. போத்தலை வெயிலில் சுட வைத்து, ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தால் பசையோடு வரும். மிஞ்சிய பிசினுக்குத் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டுத் தும்பால் தேய்த்தார்கள். மண்ணெண்ணெய் இதைவிட விரைவாக வேலை செய்யும். ஆனால் உணவுப் போத்தலுக்கு அது வேண்டாம். மூடியில் ஏறிய மணம் போகாது.

ஜாம்: மூன்று போத்தல் வெடித்தது

ஜூன் நடுப்பகுதியில் மாம்பழ ஜாம் காய்ச்சப்பட்டது. போத்தல்கள் கிணற்றடியில் கழுவி, ஈரச் சீமெந்துத் தரையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அடுப்பிலிருந்து இறக்கிய ஜாம் நேரே ஊற்றப்பட்டது. பன்னிரண்டில் மூன்று, அடித்தட்டு வட்டமாகக் கழன்று போயின. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி நிறுத்தி ஊற்றச் சொன்னவர் அம்மம்மா. கரண்டி கொஞ்சச் சூட்டை வாங்கும். அவ்வளவுதான்.

பதத்துக்கு வந்த ஜாமின் சூடு 104, 105 பாகை செல்சியஸ். கிணற்று நீரில் கழுவிய போத்தல் 30 பாகைக்கும் கீழே. சாதாரண ஜாம் போத்தல் கண்ணாடி ஏறத்தாழ 40 பாகை திடீர் வேறுபாட்டுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். இங்கே வேறுபாடு 75. அதோடு தடித்த அடித்தட்டு ஈரத்தரையில் குளிர்ந்துகொண்டிருக்கையில் மேற்சுவர் சூடேறுகிறது. கீறல் அடியில் வட்டமாக ஓடியதற்குக் காரணம் இதுவே.

அடுத்த முறை ஒழுங்கு மாறியது. பெரிய பானையின் அடியில் மடித்த துணி, அதன்மேல் போத்தல்கள், மூழ்கும் அளவுக்குப் பச்சைத்தண்ணீர். தண்ணீரும் போத்தலும் சேர்ந்தே சூடேற வேண்டும். கொதி வந்ததும் 10 நிமிடம். எடுத்துப் பலகையில் வைத்து, ஜாமை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, போத்தல் சூடு ஆறுமுன் நிரப்பினார்கள். அதன்பின் ஒன்றும் வெடிக்கவில்லை. வெடித்த போத்தல்களின் ஜாமை வடித்துச் சாப்பிடலாமா என்ற கேள்வி எழுந்தது. மகள் மறுத்து, முழுவதையும் குழியில் கொட்டினார். கண்ணாடிச் செதிலை எந்த வடியும் முழுதாகப் பிடிக்காது.

மூடியைப் பற்றியும் ஒரு விடயம் தெரியவந்தது. நடுவில் குமிழ் உள்ள உலோக மூடி, ஜாம் ஆறும்போது உள்ளே இழுபட்டு அமர வேண்டும். முதற்கட்டத்தில் தப்பிய ஒன்பதில் ஆறுதான் அமர்ந்தன. உள்வளையம் முதல் முறை இறுகிய தடத்திலேயே மறுபடி இறுகும் என்பதற்கு உறுதி இல்லை. அடுத்த நாள் விரலால் அழுத்தினால் "டிக்" என்று எழும்பிய மூன்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வீட்டிலேயே முடித்தார்கள், வெளியே கொடுக்கவில்லை.

ஊறுகாய்: துருப்பிடித்த மூடிகள்

கச்சான் காற்று வீசும் ஜூலை மாதம் தேசிக்காய் காயவைக்க நல்ல காலம். 50 தேசிக்காய், அரைக் கிலோ உப்பு. அடி பிரியாமல் நாலாகக் கீறி, உப்பு அடைத்து, மூன்று நாள் மண்சட்டியில் தினமும் பிரட்டி, பிறகு பகலில் வெயில், இரவில் சாறு என்று ஐந்து நாள். இப்படி இரண்டு தவணை செய்து 14 போத்தலில் அடைத்தார்கள்.

ஆறாவது வாரம் திறந்து பார்க்கையில் பத்து மூடிகளின் உட்புறம் கபில நிறத் துரு. மூன்றில் துருநீர் சொட்டி மேல்காய்களில் கறை. தப்பிய நான்கும் பிளாஸ்டிக் மூடி போட்டவை. போத்தல் எல்லாம் ஒரே வகை, ஊறுகாய் ஒரே சட்டி. மூடி மட்டும்தான் வேறு.

உலோக மூடியின் உட்பக்கம் மெல்லிய பூச்சால் காக்கப்பட்டிருக்கிறது. கத்தி முனையால் நெம்பித் திறந்தபோதோ, கம்பித் தும்பால் தேய்த்துக் கழுவியபோதோ அந்தப் பூச்சு கீறுபட்டிருக்கும். அந்தக் கீறலில் உப்பும் புளிப்பும் சேர்ந்தால் இரும்பு நிற்காது. காயை வாய்வரை அடைத்ததும் பிழை. போத்தலின் விளிம்பில் உப்புக்கல் ஒட்டியிருக்கவே மூடியிருந்தார்கள். கடையில் ஊறுகாய் உலோக மூடியோடு வருகிறதே என்று மருமகன் கேட்டது நியாயமான கேள்வி. அது கீறுபடாத புது மூடி, ஒருமுறை மட்டும் பாவிப்பதற்கு.

எடுத்த முடிவு: துருநீர் சொட்டிய மூன்று போத்தல் ஊறுகாய் முழுவதும் வெளியே. மற்ற ஏழின் ஊறுகாய் பிளாஸ்டிக் மூடிப் போத்தலுக்கு மாற்றம். இதற்காகப் போத்தல் வாய்கள் அளக்கப்பட்டன. 63 மில்லிமீற்றர், 70 மில்லிமீற்றர், 82 மில்லிமீற்றர் என்று மூன்று அளவுக்குள் அநேகமாக எல்லாம் அடங்கின. கண்ணால் பார்க்கையில் ஒன்றுபோலத் தெரியும் 63உம் 66உம் ஒன்றுக்கொன்று பூட்டா. பூட்டியதுபோல் இருந்து, சரித்தால் ஒழுகும். இனி அகன்ற வாய்ப் போத்தல்களுக்கு உலோக மூடி உலர்ந்த சாமானுக்கு மட்டும். ஊறுகாய்க்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி; விளிம்பைக் கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் துடைத்த பிறகே மூடுவது.

இதே நாட்களில் உள்ளியைத் தேங்காயெண்ணெயில் போட்டு அடைத்துத் தரும்படி ஒருவர் கேட்டார். மகள் செய்து கொடுக்கவில்லை. தேசிக்காயின் புளிப்பில் வளராத பொட்டுலிசக் கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் உள்ளியோடு இருந்தால் நஞ்சு உண்டாக்கலாம். அதன் வித்துகள் 100 பாகைக் கொதிநீரில் சாகா. 121 பாகை வேண்டும். அதற்கு அழுத்தக் கலன் தேவை. மணத்திலோ நிறத்திலோ தெரியாத ஆபத்து இது. வாங்குபவர் வருத்தப்பட்டாலும் இதில் தளரக்கூடாது.

நூலும் நெருப்பும்

செப்ரெம்பரில் பேரன் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கோடியல் போத்தலை வெட்ட முயன்றான். மண்ணெண்ணெயில் தோய்த்த நூலைச் சுற்றிக் கொளுத்தி, வாளித் தண்ணீருக்குள் விடும் முறை. இரண்டு போத்தல் கோணலாகப் பிளந்தன. இரண்டாவதை எடுத்துப் பார்க்கையில் சுட்டுவிரல் கிழிந்து இரண்டு தையல்.

நூல் எரியும் சூடு போத்தலைச் சுற்றி ஒரே அளவாக இருப்பதில்லை. காற்றடிக்கும் பக்கம் குறையும், முடிச்சு உள்ள இடத்தில் கூடும். பிளவு அந்தச் சூட்டைத்தான் பின்தொடரும். சரியாக வெட்ட வேண்டுமானால் கண்ணாடி வெட்டும் சில்லால் ஒரே ஒரு கோடு, கோட்டின்மேல் இரண்டாம் முறை ஓட்டாமல். பிறகு கோட்டில் கொதிநீரும் குளிர்நீரும் மாறி மாறி. பிரிந்த விளிம்பை நீர்ப்பிடி எமரித் தாளில் 120, 220, 400 என்று கரடு குறையும் ஒழுங்கில் ஈரமாகவே தேய்க்க வேண்டும். உலர்ந்து தேய்த்தால் தூள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். கையுறையும் கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியும் இல்லாமல் தொடங்கவே கூடாது. இவ்வளவும் செய்து கிடைப்பது ஒரு பேனா வைக்கும் குவளை. இந்த வீட்டுக்கு அது தேவையில்லை என்று தந்தை முடிவெடுத்தார். முழுப் போத்தலை முழுப் போத்தலாகவே பாவிப்பது என்ற விதி அன்று வந்தது.

மாமைட் போத்தலும் விளக்கும்

நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022 மார்ச் இறுதியில் அம்மம்மா இந்தக் குட்டைப் போத்தல்களில் திரிபோட்டு மண்ணெண்ணெய் விளக்குச் செய்திருந்தார். மூடியில் ஆணித்துளை, அதில் தகரக் குழாய், துணித்திரி. சாய்ந்தால் மூடி கழன்று எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும் இத்தகைய போத்தல் விளக்குகளால் இலங்கையில் எத்தனையோ பேர் வெந்திருக்கிறார்கள். அந்தக் காயங்களைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தடித்த கண்ணாடி, கனத்த குட்டை உருவம், இருபுறம் தட்டையான சுவர், திருகு மூடி என்று பாதுகாப்பான விளக்கொன்றை வடிவமைத்து 1998இல் ரோலக்ஸ் விருது பெற்றார். உருண்டு ஓடாத அந்த உருவத்துக்கு மாமைட் போத்தலே அவருக்கு வழிகாட்டி. அதற்காக வீட்டில் ஆணித்துளை போட்ட மாமைட் போத்தல் அந்த விளக்காகிவிடாது. மூடியும் திரிக்குழாயும் பொருந்துவதில்தான் உயிர் இருக்கிறது.

ஒன்பதும் நவம்பரில் கார்த்திகை விளக்கீட்டுக்குப் பயன்பட்டன. அரைப் போத்தல் தண்ணீர், அதன்மேல் ஒரு சென்ரிமீற்றர் தேங்காயெண்ணெய், மிதக்கும் திரி. எண்ணெய் தீர்ந்தால் திரி தண்ணீரைத் தொட்டு அணையும். வாடைக்காற்றுக்கு அகல் விளக்கு நிற்காத முற்றத்தில் போத்தலுக்குள் சுடர் நின்றது. மறுநாள் காலையிலேயே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

மழை வந்ததும் தெரிந்தது

ஓகஸ்டில் 120 யோகட் கோப்பைகளில் மிளகாய் நாற்றுப் போடப்பட்டது. முதலில் சுட்ட ஆணியால் ஒரு துளை, இரண்டு மில்லிமீற்றர். இரண்டு வாரத்தில் தும்புத்தூள் அதை அடைத்து, 40 கோப்பைகளில் நாற்று அடிதண்டு அழுகிச் சாய்ந்தது. அடிச்சுவர் மூலையில் ஐந்து மில்லிமீற்றரில் மூன்று துளை போட்டதும் அழுகல் நின்றது. துளையைச் சுட்டுப் போடாமல், உள்ளிருந்து வெளியே துளைக்கருவியால் போடுவது நல்லது. சுடும்போது வரும் புகை கேடு.

கோப்பைகளுக்குக் கீழே ஐஸ்கிறீம் பெட்டிகள் தட்டாக வைக்கப்பட்டிருந்தன. ஒக்ரோபரில் மாரி தொடங்கியது. நவம்பர் இரண்டாம் வாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்கு வந்தபோது மூன்று தட்டுகளில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. இன்னொரு இடத்தையும் அவர் காட்டினார். அதை வீட்டில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. பூப்பாத்தியைச் சுற்றிச் சோஸ், கோடியல் போத்தல்கள் கழுத்து மண்ணுக்குள், அடி மேலே என்று நடப்பட்டிருந்தன. போத்தலின் அடி உட்குழிந்தது. கவிழ்த்தால் அது ஒரு சின்னக் கிண்ணம். ஒவ்வொன்றிலும் ஓரிரு தேக்கரண்டி மழைநீர், ஆறில் குடம்பி.

2017இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு கண்டது. அந்த வருடம் மார்ச்சில் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு இந்த மாவட்டத்தில் எவருக்கும் மறக்காது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் வர ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தும்பால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும்.

அன்றே தட்டுகள் எல்லாம் அகற்றப்பட்டு, நாற்றுகள் கம்பிவலை மேசைக்கு ஏறின. பாத்தியைச் சுற்றிய 18 போத்தல்களின் குழிகள் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையால் நிரப்பப்பட்டு, நடு சற்று உயர்ந்திருக்கும்படி பூசப்பட்டன. அம்மம்மா போத்தல்களைப் பிடுங்க விடவில்லை. அவர் சொன்ன இந்த வழியே கடைசியில் நிலைத்தது.

வேரடியில் புதைத்துச் சொட்டுநீர் விடும் ஒன்றரை லீற்றர் போத்தல்கள் மாரியில் தேவையில்லாமல் போயின. மூடியைத் திருகி இறுக்கியதும் அவற்றில் குடம்பி இல்லை. ஜூலையில் அவற்றில் வேறு சிக்கல் இருந்தது. ஊசித்துளையில் களிமண் ஏறி அடைத்தது. பழைய பருத்தித் துணி ஒரு சுற்றுச் சுற்றிப் புதைத்ததும் சரியாயிற்று. ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூடியைத் தளர்த்தும் அளவில் இருக்கிறது.

பால்மா பக்கற்

60 பக்கற்றுகளில் பப்பாசிக் கன்று வைத்தார்கள். நான்கு மாத வெயிலில் வெளிப்பூச்சு தோலாக உரிந்து, மினுங்கும் துணுக்குகள் மண்ணில் கலந்தன. பலவித படைகள் ஒட்டிய இந்த உறை வெளியில் நிற்காது. கன்றுகளை நிலத்தில் நட்டதும் இதை நிறுத்தினார்கள். வீட்டுக்குள் அதே உறை நன்றாக வேலை செய்கிறது. சவர்க்காரத்தால் பாற்கொழுப்பு மணம் போகக் கழுவி, உட்புறம் வெளியே திருப்பி நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மிளகாய்த்தூளும் கோப்பித்தூளும் போட்டு வாயை மூன்று மடிப்பு மடித்து உடுப்புக்கொடிக் கிளிப்பால் பிடித்தார்கள். வெளிச்சமும் ஈரமும் புகவில்லை. மாரி முழுவதும் மிளகாய்த்தூள் கட்டிபடவில்லை.

2024 மார்ச்: இருக்கும் நிலை

பயன்படத் தகுந்த 106 போத்தலில் மூன்று ஜாமில், இரண்டு வெட்டும் முயற்சியில் போயின. மீதி 101. உலர்சாமானுக்குக் குசினித் தட்டில் 34, ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் சுழற்சியில் 26, பாத்தியில் 18, விளக்குக்கு 9. எஞ்சிய 14 அயலில் தேன் எடுப்பவருக்குப் போயின. கழித்த போத்தல்கள் கடதாசிப் பெட்டியில் "உடைந்த கண்ணாடி" என்று எழுதித் தனியே கொடுக்கப்பட்டன. ஹொரணையில் உள்ள போத்தல் ஆலையில் பழைய கண்ணாடியை உருக்கிப் புதுப் போத்தலுக்குச் சேர்க்கிறார்கள். கீறுபட்ட போத்தலுக்கு வீட்டில் வேலை தேடுவதைவிட அது நல்ல வழி. வாடிக்கையாளர் வெற்றுப் போத்தலைத் திருப்பித் தந்தால் அடுத்த போத்தலில் சிறு விலைக்கழிவு கொடுக்கப்படுகிறது. மூடியைத் திருப்பி எடுப்பதில்லை.

மறுபடி செய்வதானால்

முதலில் மூடி. கையில் பொருத்தமான புது மூடி எத்தனை இருக்கிறதோ அத்தனை போத்தல்தான் உணவுக்கு. இந்த வீட்டில் அந்த ஒழுங்கு தலைகீழாக நடந்ததால் மூன்று போத்தல் ஊறுகாயும் அதில் போட்ட உழைப்பும் வீணாகின. வெளியில் வைக்கும் எந்தப் பாத்திரத்தையும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று வெயில் காலத்திலேயே பார்த்திருக்கலாம். போத்தல் பிரிக்கும் நாளிலேயே பிள்ளைகளுக்கு எதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்; தையல் போட்ட பிறகு அல்ல. சேர்த்து வைக்கும் இடம் இப்போது இரண்டு மரப்பெட்டி மட்டும். அவை நிறைந்தால் புதியது வீட்டுக்குள் வராது. அம்மம்மாவுக்கு இது எளிதாக இருக்கவில்லை. முதல் மாதம் மூன்றாவது பெட்டியொன்று கட்டிலுக்குக் கீழே இருந்ததைப் பேத்திதான் கண்டாள்.

யோகட் கோப்பைக்கு வழி இன்னும் கிடைக்கவில்லை. 2023 ஒக்ரோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாவற்றுக்கும் தடை வந்தபோது, யோகட் கோப்பைக்கு விலக்குக் கிடைத்தது. வெயிலில் ஒரு பருவம் நின்ற கோப்பை மஞ்சளித்து, நாற்றுப் பிடுங்கும்போது கையில் நொறுங்குகிறது. 120இல் இரண்டாம் போகத்துக்கு எடுபட்டவை 37. வீட்டுக்கு வாரம் ஆறு ஏழு கோப்பை வருகிறது. இப்போது சட்டியில் உறைய வைத்த தயிர் வாங்குவதால் அந்த எண்ணிக்கை வாரம் இரண்டாகக் குறைந்திருக்கிறது. சட்டி கிணற்றடியில் கற்றாழைக்குப் போயிருக்கிறது, அடியில் துளையோடு.